9 அடிப் பின்னணிப் பேப்பர் ரோல், காரைச் சுவர், கையில் 1,500 ரூபாய்: எப்படி மாட்டுவது?

பாபநாசம் படக்கடை
ஆகஸ்ட் 3, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஒரு பழைய வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ நடத்துகிறேன். அறை 11 அடி அகலம், 18 அடி நீளம். தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, உயரம் 11 அடிக்கு மேல். சுவர் முழுவதும் சுண்ணாம்புக் காரை.

இதுவரை பின்னணிக்குக் காடாத் துணிதான். சாம்பல் நிறச் சாயம் ஏற்றி, இரண்டு ஆணிகளுக்கு நடுவே நைலான் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மார்பளவுப் படத்துக்கு அது போதும். முழு உருவம் என்றால் ஒவ்வொரு முறையும் துணியை இஸ்திரி போட வேண்டும். போட்டாலும் மடிப்பு தெரியும். போன மாதம் நாச்சியார்கோவிலில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் நான்கடிக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து படம் எடுத்துத் தரச் சொன்னார். தரையில் விரித்த துணியின் சுருக்கங்கள் விளக்கின் பாதத்தில் கோடு கோடாகத் தெரிந்தன. அவற்றைக் கணினியில் அழித்து முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

ஆகவே துணிந்து ஒரு பேப்பர் ரோல் வாங்கிவிட்டேன். சாம்பல் நிறம், 2.72 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். பார்சல் லாரியில் வந்து இறங்கியது. எடை போட்டேன், ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இப்போது மூலையில் நிற்கிறது. மாட்டத்தான் வழி தெரியவில்லை.

இரண்டு ஸ்டாண்டும் குறுக்குக் கம்பியும் வைக்கலாம் என்றால், கால்களை விரித்ததும் பக்கத்துக்கு மூன்றடி போய்விடுகிறது. 11 அடி அறையில் அது நடக்காது. சங்கிலியை இழுத்து இறக்கும் பிராக்கெட் செட் விற்கிறார்கள். அதை இந்தச் சுவர் தாங்குமா? வீட்டுக்கார அம்மா ஆணி அடிக்க அனுமதித்திருக்கிறார், சுவரை உடைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். ரோலுக்கும் லாரி வாடகைக்கும் போக என்னிடம் மிச்சம் 1,500 ரூபாய்.


குடந்தை நிழல்
ஆகஸ்ட் 3, இரவு 10.02

திரைச்சீலை மாட்டும் ஸ்டீல் கம்பி ஒன்று, அதற்குரிய பிராக்கெட் இரண்டு. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நான் பல வருடங்களாக அப்படித்தான் மாட்டியிருக்கிறேன். ரோல் விரிந்துகொண்டே இறங்காமல் இருக்க இரு ஓரத்திலும் ஒவ்வொரு ஸ்பிரிங் கிளிப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்தது.


மன்னை மூத்தவர்
ஆகஸ்ட் 4, காலை 6.30

தம்பி, நான் பிலிம் காலத்து ஆள். மன்னார்குடியில் எங்கள் ஸ்டூடியோவில் மாடிப்படியும் தென்னந்தோப்பும் வரைந்த சீன் திரைகள் இருந்தன. கீழே மூங்கில், மேலே மூங்கில், நடுவில் கயிறு; சுருட்டி ஏற்றுவோம், அவிழ்த்து இறக்குவோம். தடித்த துணியும் அதன்மேல் பெயின்டும் என்பதால் அது தன் எடையிலேயே நேராக நிற்கும். பேப்பர் அப்படி நிற்காது. மாட்டுகிற கம்பி நடுவில் ஒரு அங்குலம் தொய்ந்தால் தாளில் குறுக்காக அலை விழும். சுருக்கம் வேண்டாம் என்றுதானே பேப்பருக்குப் போகிறீர்கள்?

என் யோசனை வேறு. வங்கிக்கும் தேர்வு விண்ணப்பத்துக்கும்தான் நம் ஊர்க் கடைகளில் பாதிப் படம். அதற்குச் சுவரில் ஆறடிக்கு ஆறடி பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடித்தால் போதும். மாட்டவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம். ரோலைத் திருப்பி அனுப்ப முடியுமானால் அனுப்பிவிடுங்கள்.


பாபநாசம் படக்கடை
ஆகஸ்ட் 4, மதியம் 1.40

ஐயா, சொல்வது உண்மைதான். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு இடது பக்கச் சுவரில் வெள்ளை அடித்துவிடுகிறேன். ஆனால் ரோலை விட மனம் இல்லை, காரணம் இரண்டு. ஒன்று, விளக்கு வேலை. பட்டறைக்காரர்கள் இப்போது தாங்களே இணையத்தில் விற்கிறார்கள். படம் நன்றாக அமைந்தால் மாதம் பத்துப் பன்னிரண்டு விளக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது, பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகள். மகாசிவராத்திரி நாட்டியாஞ்சலிக்கு விண்ணப்பிக்கப் படம் கேட்பார்கள். அரைமண்டியில் உட்கார்ந்து இரு கைகளையும் நீட்டிய நிலையில், சுவரும் தரையும் சேரும் கோடு முழங்காலுக்குப் பின்னால் ஓடினால் அந்தப் படமே கெட்டுவிடுகிறது. தாள் சுவரிலிருந்து வளைந்து தரைக்கு வந்தால் அந்தக் கோடே இருக்காது. அதற்காகத்தான் வாங்கினேன்.


திருவாரூர் லென்ஸ்
ஆகஸ்ட் 4, இரவு 8.55

மாட்டும் வழிக்கு முன்னால் ஒரு கணக்கு. இதைப் போடாமல் பலரும் 1.35 மீட்டர் ரோல் வாங்கி ஏமாறுகிறார்கள்.

உங்களுடையது ஏபிஎஸ்-சி கேமரா, அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது என்று வைத்துக்கொள்கிறேன். படத்தைப் பதிவு செய்யும் அந்தச் சென்சாரின் நீளப் பக்கம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர், குறுகிய பக்கம் 15.6. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, ஆளிடமிருந்து 3 மீட்டர் தள்ளி 50 மி.மீ. லென்ஸில் பார்த்தால் 1.4 மீட்டர் உயரம்தான் அடங்கும், கால் வெட்டுப்படும். 35 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் அடங்கும். ஆள் தாளிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் நின்றால், தாள் இருக்கும் இடத்தில் கேமரா பார்க்கும் அகலமும் 2 மீட்டர். 2.72 ரோலில் இரு பக்கமும் தாராளமாக மிச்சம் இருக்கும், 1.35 ரோலில் சுவர் தெரியும். உங்கள் 18 அடி அறைக்கு, அதாவது ஐந்தரை மீட்டருக்கு, இந்த ஏற்பாடு அப்படியே பொருந்துகிறது. உட்கார்ந்த மார்பளவுப் படம் மட்டும் எடுப்பவர்களுக்கு 1.35 போதும், அதைப் பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிடலாம்.

சாம்பல் நிறம் எடுத்ததும் நல்ல முடிவு. விளக்கொளியை ஆளுக்கு 4 அடியில் வைத்து, அதே ஒளியிலிருந்து தாள் 12 அடி தள்ளி இருந்தால், தாளில் விழுவது ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான், கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். தாளுக்கென்று தனியாக ஒரு ஃபிளாஷ் கொடுத்தால் வெண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரே ரோலில் மூன்று நிறம்.


நாகை உப்புக்காற்று
ஆகஸ்ட் 5, காலை 10.20

குடந்தை நிழல் அண்ணா, உங்கள் ரோல் 1.35தானே? நாலரை அடிக்குத் திரைச்சீலைக் கம்பி தாங்கும். ஒன்பது அடிக்குத் தாங்காது. நான் அனுபவித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றரை அங்குல பிவிசி பைப்பில் மாட்டினேன். மலிவு, எடையில்லை, துருப்பிடிக்காது என்று நினைத்தேன். மாட்டிய அன்று சரியாக இருந்தது. நான்காம் நாள் நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. கழற்றித் தரையில் வைத்தும் அந்த வளைவு நிமிரவில்லை. அடுத்து ஸ்டீல் திரைச்சீலைக் கம்பி. அந்தக் கம்பியின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுவும் ஒரு அங்குலத்துக்கு மேல் தொய்ந்தது. மூன்றாவதாக ஒரு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்ப் பைப். பத்தடிக்கு ஏழு கிலோவுக்கு மேல் எடை, ரோலுக்குச் சமமான பாரம். ஆனால் தொய்வு கண்ணுக்குத் தெரியவில்லை. மன்னை ஐயா சொன்ன அலையும் நின்றுவிட்டது.

பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்குங்கள். வாங்கும்போது தரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்த பைப் தத்தித் தத்திப் போகும். துரு இருந்தால் தேய்த்துவிட்டு ரெட் ஆக்சைடும் அதன்மேல் எனாமலும் அடியுங்கள். எங்கள் பக்கத்து ஈரக்காற்றில் துரு ரோலின் அட்டைக் குழலுக்குள் இறங்கி, ஓரத்தில் பழுப்புக் கறையாக வெளியே வந்தது.


பாபநாசம் படக்கடை
ஆகஸ்ட் 6, மாலை 5.10

பைப் வாங்கிவிட்டேன். பத்தடி, 450 ரூபாய். அந்த உற்சாகத்தில் வெல்டிங் பட்டறையில் இரண்டு ஆங்கிள் பிராக்கெட்டும் சொல்லிவிட்டு, டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கிச் சுவரில் முதல் துளையைப் போட்டேன்.

8 மி.மீ. பிட் சுவருக்குள் புட்டுக்குள் குழல் இறங்குவது போல இறங்கியது. அழுத்தவே இல்லை. வெள்ளைப் பொடி கொட்டிக்கொண்டே இருந்தது. பிளக்கைச் செருகி ஸ்குரூவை முடுக்கினால் பிளக்கும் சேர்ந்து சுற்றுகிறது. கொஞ்சம் கீழே இன்னொரு துளை போட்டேன். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளே மெல்லிய பழைய செங்கல், ஒன்றரை அங்குலம்கூடக் கனமில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “அது என் மாமனார் கட்டிய சுவர்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கிறது. சிமெண்டு வைத்து அடைத்துவிடட்டுமா?


திருவையாறு கட்டடம்
ஆகஸ்ட் 6, இரவு 7.45

சிமெண்டு வைக்காதீர்கள். இதை எழுதத்தான் அவசரமாக வந்தேன்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் சுவர். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் அந்த இடத்தில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். இரண்டு மழைக்காலம் போனால் சிமெண்டுத் திட்டைச் சுற்றியுள்ள காரையும் உப்பிக்கொண்டு விழும். ஆற்றங்கரை ஊர்களில் ஓதம் ஏறிய பழைய வீடுகளில் இதைத்தான் பார்க்கிறோம். சுண்ணாம்பும் மணலும் கலந்து, துளையை நனைத்துவிட்டு, மெல்லிய அடுக்குகளாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள். ஒவ்வொரு அடுக்கும் இறுகும்வரை காத்திருங்கள். பழைய வேலை தெரிந்த கொத்தனார் ஒரு அடுக்கை அரை மணியில் பூசிவிடுவார்.

இனி பாரத்துக்கு வருகிறேன். ரோல் 7 கிலோ, பைப் 7 கிலோ, மொத்தம் 14. ஒரு பிராக்கெட்டுக்கு 7. ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ. 7 கிலோ என்பது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் பாரம் சுவரிலிருந்து 13 சென்டிமீட்டர் வெளியே தொங்குகிறது, பிராக்கெட்டின் உயரம் 10 சென்டிமீட்டர். மேல் ஸ்குரூவைச் சுவரிலிருந்து பிடுங்கி இழுக்கும் விசை 7 பெருக்கல் 13 வகுத்தல் 10, ஏறத்தாழ 9 கிலோ. கான்கிரீட்டில் இது தூசு. பொடிந்த காரையில் நாள்தோறும் தாளை இழுக்க இழுக்கத் துளை பெரிதாகும். ஒருநாள் ஆள் உட்கார்ந்திருக்கும்போது பைப்போடு வந்துவிடும். உத்திரத்தில் கொக்கி போடும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்தத் தேக்குதான் கூரையைத் தாங்குகிறது.

சுவரில் தொங்கவிடாதீர்கள். பாரத்தைத் தரைக்கு அனுப்புங்கள். சுவரை ஒட்டி இரண்டு கால்களை நிறுத்தி, அவற்றின் தலையில் பைப்பை வையுங்கள். 14 கிலோவும் நேராகத் தரையில் இறங்கிவிடும். சுவரின் வேலை, கால் சாயாமல் ஒரு கை பிடித்துக்கொள்வது மட்டும். பைப் காலின் தலைக்கு நேர்மேலே இல்லாமல் அதே 13 சென்டிமீட்டர் வெளியே இருந்தால்கூட, 240 சென்டிமீட்டர் உயரத்தில் சுவரை இழுக்கும் விசை அரைக் கிலோவுக்கும் குறைவு. அதற்கு ஒரு ஆணி போதும், கயிறும் போதும்.


குடந்தை நிழல்
ஆகஸ்ட் 6, இரவு 8.30

அருமை. என் கம்பி விஷயத்திலும் நாகை சொன்னது சரி, என்னுடையது 1.35தான். அளவைச் சொல்லாமல் யோசனை சொல்லிவிட்டேன். கால் எதில் போடுவது? சதுர இரும்புக் குழாயா?


பந்தல்கால்
ஆகஸ்ட் 6, இரவு 11.20

இரும்பு வேண்டாம். சவுக்கு இருக்கும்போது எதற்கு?

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பந்தல் போடுகிறோம். தாத்தா காலத்தில் கவைக்கால்தான். இயற்கையாகவே கவை விட்ட மரத்தை நட்டு, அந்தக் கவையில் குறுக்கு மூங்கிலை வைத்துவிடுவார். கட்டே வேண்டாம். காற்றில் ஆடினாலும் மூங்கில் கவையை விட்டு வெளியே வராது. உங்களுக்கு வேண்டியது அதே கவைக்கால், வீட்டுக்குள்ளே.

சவுக்கு நேராக வளரும், கவை விடாது. அதனால் நாலு அங்குலத் தடிமனில் இரண்டு கால் வாங்கி, தலையில் பைப் உட்காரும் அளவுக்கு ஆசாரியிடம் அடி வளைந்த குழி வெட்டச் சொல்லுங்கள். குழி பைப்பின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் இருக்கட்டும்; ஆழம் குறைந்தால் தாளை இழுக்கும்போது பைப் ஏறி வெளியே வரும். குழிக்குக் கீழே ஒரு இரும்புப் பூண் கட்டாயம். பூண் இல்லாவிட்டால் குழியிலிருந்து வெடிப்பு கிளம்பிக் கால் இரண்டாகப் பிளந்துவிடும்.

பச்சைக் கட்டை வாங்காதீர்கள். ஈரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். வெட்டி ஒரு வருடம் கிடந்த கட்டையாகக் கேளுங்கள். தட்டினால் ஓசை கணீரென்று வரும், ஈரக்கட்டை மந்தமாகச் சத்தம் கொடுக்கும். பட்டையைச் சீவிவிட்டு பெயின்ட் அடியுங்கள். அடியில் ஒரு கருங்கல் துண்டை வைத்து நிறுத்துங்கள், கறையான் நேரே ஏறாது, ஏறினாலும் மண்கோடு கண்ணில் படும். மூங்கிலைக் காலாகப் போடலாம், பைப்புக்குப் பதிலாகப் போடாதீர்கள். கணுவுக்குக் கணு வளைவு இருக்கும், தாள் அதை அப்படியே காட்டும்.

எங்கே இருந்தாலும் கால் வாங்கும்போது எங்கள் பட்டறைக்கு வாருங்கள். நானே பொறுக்கித் தருகிறேன்.


மாயவரம் மழலைப்படம்
ஆகஸ்ட் 7, காலை 11.05

நான் குழந்தைகளைத்தான் அதிகம் படம் எடுக்கிறேன். முதல் பிறந்தநாள், காதுகுத்து எல்லாம். என் கவலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை வயதுக் குழந்தை தொங்கும் தாளைக் கண்டால் இரண்டு கையாலும் பற்றி இழுக்கும். எடுக்க வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அது நடந்தது. கிளிப் கழன்று, மீட்டர் கணக்கில் தாள் குழந்தையின் தலையில் இறங்கியது. தாள் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. பைப் விழுந்திருந்தால்? அதனால் குழி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பைப்பின் இரு முனைகளையும் காலோடு சேர்த்துக் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள் தம்பி. கிளிப்பும் ஓரத்துக்கு இரண்டு போடுங்கள்.

தாளைப் பின்பக்கமாக, சுவரோரமாக இறங்கும்படி ரோலை மாட்டுங்கள். ரோலில் சுருண்டிருந்த வளைவே சுவரிலிருந்து தரைக்கு வரும் வளைவாக அமைந்துவிடும். முனை மட்டும் மேலே சுருளும். அதைத் தரையில் டேப் போட்டு ஒட்டினால் சரி. முன்பக்கமாக இறங்கினால் முனை படியும், வளைவு எதிர்ப்பக்கம் திமிறும்.

நாட்டியப் பிள்ளைகள் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பாதத்தில் பூசும் சிவப்புச் சாயமான அல்தா உலர்ந்துவிட்டது என்று அவர்கள் சொன்னாலும் நம்பி ஏற்றிவிடாதீர்கள். வியர்வை பட்டதும் பாதம் மறுபடி சிவக்கும். ஒரு தட்டடவு போட்டால் தாளில் இரண்டு சிவப்புப் பாதம் விழுந்துவிடும், குதிகாலிலிருந்து ஐந்து விரல் வரை அப்படியே. அந்தப் பகுதியை வெட்டித்தான் எறிய வேண்டும். ஈரத்துணியால் பாதத்தை ஒற்றி எடுத்து, உள்ளங்காலில் பவுடர் போட்ட பிறகு நிற்கச் சொல்லுங்கள். தாளுக்கு அடியில் பிளைவுட் பலகை போட்டால் சலங்கைக் காலின் உதைக்குக் கிழியாது; வழுக்காமல் இருக்கப் பலகையின் நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டுங்கள்.


மன்னை மூத்தவர்
ஆகஸ்ட் 7, மதியம் 3.15

ரோலைத் திருப்பி அனுப்பச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சவுக்குக்கால் யோசனை எங்கள் காலத்தில் யாருக்காவது தோன்றியிருந்தால் சீன் திரைக்கே பயன்பட்டிருக்கும்.


பாபநாசம் படக்கடை
ஆகஸ்ட் 19, இரவு 9.40

முடித்துவிட்டேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது; காரைப் பூச்சு இறுகவும் பெயின்ட் காயவும் நாள் பிடித்தது.

பந்தல்கால் அண்ணாவைத் தேடிப் போனேன். கொட்டகையில் அடுக்கியிருந்த கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து பார்த்தார். இருபது கால் பார்த்து இரண்டு எடுத்தார். எட்டரை அடிக்கு வெட்டிக்கொடுத்து 300 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். ஆசாரி கூலி 250. இரண்டு பூணும் சுவரோடு பிடிக்கும் பட்டையும் வெல்டிங் பட்டறையில் 120. முன்பு சொல்லிவைத்த ஆங்கிள் பிராக்கெட்டை அவர் இன்னும் செய்யவில்லை, ரத்து செய்துகொண்டார். பெயின்டுக்கு 90. பைப்போடு சேர்த்து 1,210 ரூபாய். மிச்சத்தில் ஸ்பிரிங் கிளிப் நான்கு வாங்கினேன்.

இடது கால் ஜன்னலை ஒட்டி நிற்கிறது. ஜன்னல் கம்பியோடு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டேன்; அந்தப் பக்கம் சுவரில் ஒரு துளைகூட இல்லை. வலது காலை மட்டும் பட்டை சுற்றி ஒரே ஒரு நீள ஸ்குரூ போட்டுப் பிடித்தேன். காரையைத் தாண்டிச் செங்கல்லில் உட்கார்ந்தது, இந்த முறை பிளக் சுற்றவில்லை. துளை போடும்போது வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார்.

பைப்பை ரோலுக்குள் செருகி, நானும் தம்பியும் இரண்டு ஸ்டூலில் ஏறிக் குழியில் வைத்தோம். டொக் என்று ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டது. தாளைக் கீழே இழுத்ததும் சுவர் முழுவதும் ஒரே சாம்பல். எங்கே சுவர் முடிகிறது, எங்கே தரை தொடங்குகிறது என்று தெரியவில்லை. நூல் பிடித்துப் பார்த்தேன், நாகை நண்பரே. தொய்வு கால் அங்குலம்.

மறுநாளே நாச்சியார்கோவில்காரரைக் கூப்பிட்டு அந்த நான்கடி விளக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். உச்சியில் உள்ள அன்னத்தின் கழுத்து வளைவு பின்னணியில் தனியாக எழுந்து நிற்கிறது. பாதத்தில் ஒரு கோடும் இல்லை. கணினியில் பத்து நிமிட வேலைதான்.


குடந்தை நிழல்
ஆகஸ்ட் 20, காலை 7.50

மனம் நிறைந்த வாழ்த்துகள். ஒரு கேள்வி மட்டும். ஐப்பசி அடைமழையில் இதை அப்படியே மாட்டி வைக்கலாமா?


நாகை உப்புக்காற்று
ஆகஸ்ட் 20, காலை 9.30

கூடாது. ஈரம் முதலில் ரோலின் இரு முனைகள் வழியாகத்தான் ஏறும். நடுப்பகுதி உலர்ந்தும் ஓரம் ஈரமாகவும் இருந்தால் ஓரம் நீண்டு, அப்பளத்தின் விளிம்பு போல நெளிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை இல்லாத நேரத்தில் கழற்றி, பாலிதீன் உறையில் போட்டு, இரு முனையையும் கட்டி, நிமிர்த்தி நிறுத்துங்கள். படுக்கவைத்தால் அடியில் தட்டையாகிவிடும். நேராகத் தரையில் வைக்காமல் ஒரு மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உறைக்குள் நான்கு பாச்சை உருண்டை போடுங்கள்; வெள்ளிப்பூச்சிக்குத் தாள் என்றால் விருந்து. படம் எடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக மாட்டி, கீழ் விளிம்பில் ஒரு மரச்சட்டத்தைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் லேசான நெளிவு இறங்கிவிடும்.


பாபநாசம் படக்கடை
நவம்பர் 14, இரவு 8.20

மூன்று மாதம் கழித்து வருகிறேன். ஐப்பசி முழுவதும் நாகை நண்பர் சொன்னபடி ரோல் உறைக்குள்ளேயே நின்றது. ஒரே ஒரு இரவு சோம்பலில் மாட்டியபடி விட்டுவிட்டேன். காலையில் இரு ஓரத்திலும் ஒரு கை அகலத்துக்கு நெளிவு. மரச்சட்டம் தொங்கவிட்டு மதியத்துக்குள் பெரும்பாலும் சரியானது. கால்கள் அசையவில்லை. பூணுக்கு மேலே வலது காலில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு தெரிகிறது. பென்சிலால் அதன் முனையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை கோட்டைத் தாண்டவில்லை.

நாட்டியப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். மாயவரம் அக்கா சொன்ன பவுடர் ஐந்து பேருக்கு வேலை செய்தது. ஆறாவது பெண்ணின் இடது பாதம் மட்டும் விழுந்துவிட்டது. அந்த ஒரு மீட்டரை வெட்டினேன், எறிய மனமில்லாமல் சுருட்டி வைத்திருக்கிறேன். பாதம் படாத பாதியில் சின்ன விளக்குகளை மேசைமேல் வைத்து எடுக்கிறேன்.

இப்போது புதிய கேள்வி. அடுத்த வாரம் ஏழடி விளக்கு ஒன்று வருகிறது, கோயில் உபயத்துக்குச் செய்தது. என் கால்கள் எட்டரை அடி. உயரம் போதுமா, காலை மாற்ற வேண்டுமா?


திருவாரூர் லென்ஸ்
நவம்பர் 14, இரவு 10.10

மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். விளக்கைத் தாளிலிருந்து 1.2 மீட்டரில் வையுங்கள், ஒன்றரை மீட்டர் வேண்டாம். கேமரா விளக்கிலிருந்து 3.5 மீட்டர், 35 மி.மீ. லென்ஸில் அங்கே 2.35 மீட்டர் உயரம் அடங்கும், விளக்கு 2.13. உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டரை அடி மிஞ்சும். கேமராவை இடுப்பளவில் வைத்தால் அன்னத்தின் தலைக்கு மேலே பைப் தெரிந்துவிடும். ஐந்தடி உயரத்தில் வைத்துச் சற்றே கீழ்நோக்கிச் சாயுங்கள். படத்தின் மேல் விளிம்பு ரோலுக்கு இரண்டு அங்குலம் கீழே முடியும்.

கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஏழடி விளக்கின் தட்டு பெரியது, அதில் நீங்கள் முழுதாகத் தெரிவீர்கள்.


பந்தல்கால்
நவம்பர் 15, காலை 6.05

அந்த வெடிப்புக்கு மேலே இன்னொரு பூண் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் முகூர்த்தப் பந்தல் பிரிக்கிறோம். திரும்பும் வழியில் பூண் கொண்டுவந்து நானே அடித்துத் தருகிறேன். ரோலை மட்டும் கழற்றி வையுங்கள்.